8.8-இல் தப்பியவர்களும் 7.0-இல் சிக்கியவர்களும்: நிலநடுக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்காவது நிலநடுக்கம் என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "ரிக்டர்ல எவ்வளவாம்?" என்பதுதான். தொலைக்காட்சியும் அந்த எண்ணைத்தான் சிவப்புப் பட்டையில் ஓட்டுகிறது. எண் பெரிதென்றால் "ஐயையோ", சிறிதென்றால் "அவ்வளவுதானா". எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று சொல்லிவிட முடியுமா? தெருவின் மட்டம், வடிகால், ஏரியை மறித்துக் கட்டியது யார் என்பதெல்லாம் தெரிய வேண்டும் அல்லவா? நிலநடுக்கமும் அப்படித்தான்.

2010-ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களைப் பாருங்கள். ஜனவரி 12 அன்று கரீபியன் நாடான ஹெய்ட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம். பிப்ரவரி 27 அன்று தென்னமெரிக்காவின் சிலியில் 8.8. சிலியில் வெளியான ஆற்றல் சுமார் ஐந்நூறு மடங்கு அதிகம். ஆனால் அங்கே இறந்தவர்கள், சுனாமியில் போனவர்களையும் சேர்த்து, ஐந்நூற்றுச் சொச்சம் பேர். ஹெய்ட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேல். மூன்று லட்சத்தையும் தாண்டும் என்றது அந்நாட்டு அரசு. அந்தக் கணக்கின் மேல் சர்ச்சை இருக்கிறது.

ஆற்றல் ஐந்நூறு மடங்கு கூடிய இடத்தில் சாவு எப்படிக் குறைந்தது?

இறுகிய கதவு

மழைக்காலத்தில் பழைய மரக்கதவு ஊதி, நிலையோடு இறுகிக்கொள்ளும். தள்ளுவோம், அசையாது. தோளைக் கொடுத்து அழுத்துவோம், பலகை லேசாக வளையும், திறக்காது. அப்புறம் ஒரு நொடியில் படாரென்று விட்டுக்கொடுக்கும். பக்கத்து ஜன்னல் கண்ணாடி வரை அதிரும். ஒரு நிமிடமாகச் சேர்ந்த அழுத்தம் ஒரே நொடியில் வெளிவந்ததால் வந்த அதிர்வு அது.

பூமிக்கடியில் நடப்பதும் இதுதான். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமான பல பாறைப் பலகைகளாக இருக்கிறது. இவற்றைப் புவித்தட்டுகள் என்கிறோம். இவை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது. நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆனால் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளாக அது ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி முட்டியதில் மடிந்து எழுந்ததுதான் இமயமலை.

பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளுக்கு நிலப்பிளவு என்று பெயர். பிளவின் இரு பக்கமும் ஒன்றோடொன்று உரசி இறுகி நிற்கும். பின்னாலிருந்து தட்டு தள்ளுவது நிற்பதில்லை. பாறை வளைந்து வளைந்து ஆற்றலைச் சேர்த்து வைக்கும். தாங்க முடியாத கட்டத்தில் வழுக்கும். அந்த வழுக்கல்தான் நிலநடுக்கம்.

சரி, தட்டின் விளிம்பில் இருக்கும் நேபாளம், ஜப்பான், சிலியெல்லாம் ஆடுவது புரிகிறது. விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் குஜராத்தின் கட்ச் ஏன் ஆடுகிறது? பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது கட்ச் பகுதியில் பாறை கிழிந்து பிளவுகள் விழுந்தன. இப்போது வடக்கே முட்டுவதால் வரும் இறுக்கம் அந்தப் பழைய தழும்புகளை அழுத்துகிறது. 1819-இல் அங்கே வந்த நிலநடுக்கத்தில் சமவெளியே உயர்ந்து, 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரு கரை எழுந்தது. மனிதர் கட்டாத அணை என்பதால் அதற்கு மக்கள் வைத்த பெயர் 'அல்லா பந்த்', கடவுளின் அணை.

இங்கே ஒரு வாட்ஸ்அப் வதந்தியையும் தீர்த்துவிடலாம். "சின்னச் சின்னதாக ஆடினால் நல்லது, பெரியது வராது" என்பார்கள். அளவு ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஒரு 7.0-இல் இருக்கும் ஆற்றலைத் தணிக்க ஏறத்தாழ ஆயிரம் 5.0 நிலநடுக்கங்கள் தேவை. அத்தனை வருவதில்லை. இன்ன தேதியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறையும் யாரிடமும் இல்லை. தேதி போட்டு வரும் செய்தி எதுவானாலும் அழித்துவிடுங்கள்.

தவில் ஒன்று, காதுகள் பல

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். சார்ல்ஸ் ரிக்டர் 1935-இல் கலிபோர்னியாவுக்காக உருவாக்கிய அளவுகோலைப் பெரிய நிலநடுக்கங்களுக்கு இன்று பயன்படுத்துவதில்லை. வழுக்கிய பிளவின் பரப்பையும் வழுக்கிய தூரத்தையும் கொண்டு கணக்கிடும் புதிய முறை வந்துவிட்டது. எந்த நகல் எடுத்தாலும் நாம் 'ஜெராக்ஸ்' என்பதைப் போல, 'ரிக்டர்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதைவிட முக்கியமான குழப்பம் வேறு. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது தவில்காரர் அடிக்கும் அடி ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். முதல் மாடியில் பந்தியில் இருப்பவர் இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடியின் வலிமைக்கு அளவு என்று பெயர். ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே அளவுதான். ஓர் ஊரில் அது எவ்வளவு உலுக்கியது என்பதற்குத் தீவிரம் என்று பெயர். அது ஊருக்கு ஊர் மாறும். செய்தியில் வருவது அளவு. வீட்டை இடிப்பது தீவிரம்.

ஹெய்ட்டியில் பிளவு வழுக்கியது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து வெறும் 25 கிலோமீட்டரில், அதுவும் ஆழம் குறைந்த இடத்தில். சிலியில் அது கடலுக்கடியில், இன்னும் ஆழத்தில். ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது சிலிக்கு இந்தச் சலுகை இருந்ததை மறைக்கக் கூடாது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தூரம் மட்டும் விளக்கிவிடாது.

அல்வாவும் கடலைமிட்டாயும்

ஒரே தட்டில் ஒரு துண்டு கடலைமிட்டாயும், பக்கத்தில் சூடான அல்வாவும் வைத்துத் தட்டை ஆட்டுங்கள். மிட்டாய் தட்டோடு போய்த் தட்டோடு வரும். அல்வா தட்டு நின்ற பிறகும் குலுங்கிக்கொண்டிருக்கும். கெட்டிப் பாறை மிட்டாய். ஆற்று வண்டல், பழைய ஏரிப்படுகை, தூர்த்த குளம் எல்லாம் அல்வா. இளகிய மண் அதிர்வைப் பெரிதாக்கிவிடும்.

இதற்கு மெக்சிகோ நகரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 1985 செப்டம்பர் 19 அன்று 8.0 அளவு நிலநடுக்கம் வந்தது அந்நாட்டின் பசிபிக் கரையில், தலைநகரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில். மையத்துக்கு அருகில் இருந்த பல ஊர்களைவிடத் தலைநகர்தான் அதிகம் நொறுங்கியது. அந்நகரின் நடுப்பகுதி வற்றிய ஏரியின் களிமண் மேல் நிற்கிறது. அதிலும் ஒரு விசித்திரம்: குட்டை வீடுகளும் மிக உயரமான கட்டடங்களும் பெரும்பாலும் தப்பின, இடைப்பட்ட உயரத்தில் இருந்தவைதான் அதிகம் விழுந்தன. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வந்து திரும்பும் அதே தருணத்தில் ஒவ்வொரு முறையும் லேசாகத் தள்ளினால் போதும், மேலே மேலே போகும். கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆடும் தாளம் உண்டு. மண்ணின் தாளமும் அதுவும் ஒன்றானால் ஆட்டம் பெருகும். இதுதான் ஒத்ததிர்வு.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பிளவு எவ்வளவு வழுக்கியது, எவ்வளவு பக்கத்தில், காலடியில் என்ன மண் என்ற மூன்றும் குலுக்கலைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதையும் நாம் மாற்ற முடியாது. அடுத்தது மட்டும் நம் கையில்.

கொல்வது கூரை

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். முந்தைய இரவுதான் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஊர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. வந்தது 6.2 அளவு, ஜப்பானில் என்றால் இது பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கச் செய்தி. கில்லாரிப் பகுதியில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள்.

அந்த வீடுகள் ஏழை வீடுகள் என்பதால் மட்டும் விழவில்லை. வெயிலுக்காக இரண்டடிக்கும் மேல் கனமாகக் கல்சுவர். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் ஜல்லிக்கல், பூச மண்சாந்து. மேலே மரச்சட்டம் பரப்பி அதன்மேல் அடியடியாக மண் கொட்டிய கூரை. கோடையில் அந்த வீடு சொர்க்கம். ஆனால் உள்வரிசையையும் வெளிவரிசையையும் பிணைக்க நடுவில் ஒரு குறுக்குக்கல் இல்லை. சுவர்களைச் சேர்த்துக் கட்டும் எதுவும் இல்லை. குலுக்கலில் சுவர் வயிறு பிதுங்கிப் பிரிந்தது, டன் கணக்கான மண் தூங்கியவர்கள் மேல் இறங்கியது.

உடனே "மண் வீடு ஆபத்து, கான்கிரீட்தான் பாதுகாப்பு" என்று முடிவுக்கு வருவது நம் வழக்கம். அதையும் கட்ச் பொய்யாக்கியது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46-க்கு அங்கே 7.7 அளவு நிலநடுக்கம் வந்தது. சுமார் 13,800 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. புஜ், பச்சாவ், அஞ்சார், ராபர் ஆகிய நான்கு நகரங்களும் சிதைந்தன. ஆனால் அதே மாவட்டத்தின் பன்னி புல்வெளியில் 'புங்கா' (bhunga) எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகள் பலவும் நின்றன. உருண்டைப் பானைக்கு மூலை இல்லை. விரிசல் தொடங்குவது பெரும்பாலும் மூலையில்தான். மேலே கூம்பு வடிவில் புல் வேய்ந்த லேசான கூரை. விழுந்தாலும் கொல்லாது.

அதே காலையில் சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகள் பல சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். காரணம், சபர்மதியின் வண்டல் மண் ஒன்று. இன்னொன்று, நம் ஊர் புரோக்கர்கள் பெருமையாகச் சொல்லும் 'ஸ்டில்ட் பார்க்கிங்'. மேல்தளங்களில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருப்பதால் அவை ஒரே கட்டியாக விறைத்து நிற்கும். கீழே வண்டிக்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். குச்சிக் கால்மேல் குண்டு உடம்பு. ஆட்டம் முழுவதையும் அந்தக் கால்கள் மட்டுமே வாங்கிக்கொள்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்து சென்னையில் தரைத்தளத்தைக் காலியாக விடுவது நியாயம்தான். அப்படி விடும்போது அந்தத் தளத்தின் தூண்களை அதற்கேற்றபடி வடிவமைத்தார்களா என்று கேட்பதும் நியாயம்.

கான்கிரீட் என்பது முறுக்கு. அழுத்தினால் நன்றாகத் தாங்கும். வளைத்தால் படக்கென்று ஒடியும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி புளிய விளாறு மாதிரி, வளையும், ஒடியாது. கட்டடம் ஆடலாம், விரியலாம், கோணலாகக்கூட நிற்கலாம், ஆனால் சட்டென்று சரியக் கூடாது. நெளிந்து தாங்கும் இந்தக் குணத்துக்குத்தான் பொறியாளர்கள் கம்பியை நம்புகிறார்கள். அதில் பெரிய வேலை செய்வது ஒரு சின்னப் பொருள்: தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி கம்பி கட்டுபவர் மாட்டும் 'ரிங்'. அதன் இரு முனைகளும் தூணின் உள்நோக்கி 135 பாகை மடங்கியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி. வெறும் 90 பாகையில் மடக்கினால், குலுக்கலில் மேற்பூச்சு உதிர்ந்ததும் ரிங் பிரிந்துவிடும், நெடுங்கம்பிகள் பிதுங்கும், தூண் நசுங்கும். எங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் இதைக் கேட்டேன். "அப்படி மடக்குனா உள்ள விடுறது கஷ்டம் சார், நேரம் பிடிக்கும்" என்றார் கம்பி கட்டுபவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மடக்கச் சொல்லி அவருக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

செங்கல், கல் வீட்டுக்கு மருந்து இன்னும் எளிது. மூடியில்லாத அட்டைப்பெட்டியின் பக்கங்கள் தளதளவென்று ஆடும். சுற்றி ஒரு கயிறு கட்டினால் விறைக்கும். ஜன்னல் மட்டத்துக்கு மேலே வீட்டைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஓடும் 'பெல்ட் கான்கிரீட்' அந்தக் கயிறுதான். மொத்தச் செலவில் அது சிறு பங்கு.

சட்டம் எழுதுவதும் கட்டுவதும்

ஹெய்ட்டிக்கும் சிலிக்கும் திரும்புவோம். சிலி 1960-இல் 9.5 அளவு நிலநடுக்கத்தைப் பார்த்த நாடு. கருவிகளில் பதிவானவற்றில் அதைவிடப் பெரியது இல்லை. அங்கே கட்டட விதிகள் கடுமையானவை. கட்டடத்தின் அடிப்படை அமைப்பில் குறை தெரிந்தால், பத்து ஆண்டுகள் வரை முதலில் விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். 135 பாகை ரிங்குக்குக் காசு யார் கொடுப்பார் என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஹெய்ட்டியில் நாடு முழுவதற்குமான கட்டட விதியே அப்போது நடைமுறையில் இல்லை; மணலும் சிமெண்டும் மிச்சம் பிடித்துக் கட்டிய கனமான கூரைகள் அப்படியே இறங்கின.

ஆனால் விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் துருக்கி சாட்சி. 1999-இல் 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். பிறகு, 2018-இல், விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பெருமளவில் மன்னிப்பு வழங்கினார்கள். நம் ஊர் 'வரன்முறைப்படுத்தும் திட்டம்' நினைவுக்கு வந்தால் தவறில்லை. 2023 பிப்ரவரி 6 அன்று 7.8, சுமார் ஒன்பது மணி நேரத்தில் 7.5. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், குலுக்கலைத் தருவது பூமி. அதைப் பேரழிவாக்குவது மண்ணையும் கம்பியையும் விதியையும் பற்றி ஊர் முன்பே எடுத்த முடிவுகள்.

இடிந்த பிறகு

வீட்டை யார் கட்டுவது? மீட்சி என்றதும் எல்லா அரசுகளுக்கும் முதலில் தோன்றுவது, ஒப்பந்ததாரரை அழைத்து வரிசையாக வீடு கட்டிச் சாவியைக் கொடுப்பது. கில்லாரியில் அதைத்தான் செய்தார்கள். 52 கிராமங்களை வேறு இடத்துக்கு மாற்றி, நகர்ப்புற லேஅவுட் மாதிரி நேர்க்கோட்டுத் தெருக்கள் போட்டார்கள். வீட்டின் அளவு, குடும்பம் வைத்திருந்த நிலத்தைப் பொறுத்தது: நிலமற்றவருக்கு 250 சதுர அடி, அதிக நிலம் உள்ளவருக்கு 750. உறுதியான வீடுகள்தாம். ஆனால் மாட்டைக் கட்ட இடமில்லை, வயல் தூரம், பழைய அக்கம்பக்கம் சிதறிப்போயிற்று.

கட்சில் அரசு முதலில் இடமாற்றம் பற்றித்தான் பேசியது. பெரும்பாலான கிராமங்கள் மறுத்துவிட்டன. நிலநடுக்கம் வந்த சில வாரங்களில் உருவான குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வேறு வழிக்கு வந்தது: பணம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகும், மூன்று தவணையாக. கட்டுமானம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் பொறியாளர் வந்து, பெல்ட் இருக்கிறதா, மூலைக்கம்பி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை. கூடவே பல்லாயிரம் கொத்தனார்களுக்குப் பயிற்சி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாக எழுந்தன. ஒன்பது லட்சம் அளவில் பழுது பார்க்கப்பட்டன. 2015-இல் ஒன்பதாயிரம் பேரை இழந்த நேபாளமும் மூன்று லட்சம் நேபாள ரூபாயைத் தவணையாகக் கொடுத்து இதே பாதையில் போனது.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. அதற்காக இதன் ஓட்டைகளை மூட முடியாது. வீட்டுக்காரர் கையில் பணம் என்றால், வீடில்லாதவர் கையில்? புஜ் நகரின் பழைய பகுதியில் தலைமுறைகளாக வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பட்டா இல்லை. உதவி மிகக் குறைவாகவே கிடைத்தது. நெருக்கமான சந்துகள்தான் மீட்பு வண்டிகளை மறித்தன என்பதால் புஜ்ஜில் சாலைகளை அகலப்படுத்த முடிவானது. அதற்கு ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். வரைபடம் முடிவாகும்வரை வீடு கட்ட அனுமதியில்லை. கிராமங்கள் கூரை போட்டுக்கொண்டிருந்தபோது நகரத்தார் தகரக் கொட்டகையில் காத்திருந்தார்கள்.

வீடு திரும்பினால் மட்டும் ஊர் திரும்பிவிடாது, தொழிலும் திரும்ப வேண்டும். சென்னைக் கடைகளில் நாம் தேடித் தேடி வாங்கும் அஜ்ரக் துணியைக் கட்சில் அச்சிடும் கத்ரி குடும்பங்களின் பழைய ஊர் தமட்கா. நிலநடுக்கத்தில் ஊர் இடிந்தது ஒருபுறம்; நிலத்தடி நீரில் இரும்புச்சத்து கூடி, சாயம் சரியாக ஏறாமல் போனது மறுபுறம். சாயக்காரருக்கு வீடு போனதைவிட நீர் போனது பெரிய இழப்பு. இஸ்மாயில் கத்ரி போன்ற மூத்த கைவினைஞர்களின் முன்முயற்சியில் பல குடும்பங்கள் நல்ல நீர் உள்ள இடத்தைத் தாங்களே தேடி, புஜ்ஜுக்குப் பக்கத்தில் புதிய ஊரை அமைத்தன. அதற்கு அஜ்ரக்பூர் என்று பெயர் வைத்தார்கள். கில்லாரிக்காரர்களும் இடம் மாறினார்கள், இவர்களும் மாறினார்கள். ஆனால் இங்கே எங்கே போவது என்று தீர்மானித்தது போகிறவர்கள்.

அஞ்சார்

கடைசியாக ஓர் ஊர். அஞ்சாரில் 1956-இலும் ஒரு நிலநடுக்கம் வந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அளவு 6-ஐ ஒட்டியது. அதன் பிறகும் அதே குறுகலான தெருக்களில், அதே மாதிரிக் கல்சுவர்கள் எழுந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் குடியரசு நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு அந்தத் தெருக்களில் அணிவகுத்துப் போனபோது இருபக்கச் சுவர்களும் அவர்கள் மேல் விழுந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அவர்களுக்கு அஞ்சாரில் ஒரு நினைவிடம் இருக்கிறது.

2001-க்குப் பிறகு கட்சில் கட்டிய வீடுகளில் பெல்ட் இருக்கிறது. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் இப்போது இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அப்பா கட்டிய வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பலாமா என்று யோசிக்கிற வயது. இந்த முறை தவணையைப் பிடித்து வைத்துக்கொண்டு சோதிக்கப் பொறியாளர் யாரும் வரமாட்டார்.